பெங்களூரில் புது டீச்சரா? ஸ்மார்ட் கிளாஸ் எடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

திருநெல்வேலிப் பக்கம் பி.எட். முடித்துவிட்டு, பெங்களூரில் அல்சூர் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் ஏழாம் வகுப்புக்கு அறிவியலும் கணக்கும் எடுக்கச் சேர்ந்தேன். இன்டர்வியூவில் டெக்னாலஜி பழக்கம் உண்டா என்று கேட்டார்கள், நானும் பெரிதாகத் தலையை ஆட்டினேன். ஜூன் முதல் வாரத்தில், ராத்திரி முழுக்க உட்கார்ந்து செய்த 42 ஸ்லைடை வகுப்பில் ஓட்டினால் பன்னிரண்டாவது ஸ்லைடில் கரண்ட் போனது. திரும்பி வருவதற்குள் மணியும் அடித்துவிட்டது. சரி, அதுகூடப் போகட்டும். சாயங்காலம் நோட்டுகளைப் பார்த்தால், கடைசி பெஞ்சுப் பையன் ஒருவனின் நோட்டில் தேதி மட்டும் இருந்தது. கூப்பிட்டுக் கேட்டேன். "காணிஸ்லில்ல மிஸ்" என்றான். தெரியவே இல்லையாம். ஒரு வாரமாகவே தெரியவில்லையாம்.

அந்த முதல் டெர்மில் என் கையை விட்டுப் போனது கிட்டத்தட்ட 9,000 ரூபாய். அதில் பாதி தேவையில்லாத செலவு, மீதிப் பாதி திரும்பக் கிடைத்திருக்க வேண்டிய பணம். உங்களுக்கு அப்படி ஆக வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். வரிசையை மாற்றாமல் செய்யுங்கள்.

1. முதலில் உங்கள் காகிதங்கள்

வேலைக்குச் சேர்ந்த அன்றே டிகிரி, பி.எட். ஒரிஜினலையெல்லாம் எடுத்துக்கொண்டு போவீர்கள். காட்டுங்கள், நகல் கொடுங்கள், ஒரிஜினலை மட்டும் ஆபீஸில் விட்டுவிட்டு வராதீர்கள். "சும்மா ஃபைலுக்கு" என்று கேட்டால், வாங்கிக்கொண்டதற்குக் கையெழுத்துப் போட்ட ஒரு சீட்டு கேளுங்கள். பெரும்பாலும் அந்தச் சீட்டைக் கேட்டதுமே சான்றிதழ் திரும்பி வந்துவிடும்.

போலீஸ் வெரிஃபிகேஷன் இல்லாமல் பல பள்ளிகள் சேர்ப்பதில்லை. கர்நாடக அரசின் சேவா சிந்து இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். ஊரிலிருந்து புதிதாக வருகிறவர்கள் மாட்டிக்கொள்வது முகவரிச் சான்றில்தான். ஆதாரில் ஊர் விலாசம் இருக்கும், குடியிருப்பது இங்கே. வாடகை ஒப்பந்தத்தை இ-ஸ்டாம்ப் பேப்பரில் போட்டு, வீட்டுக்காரர் கையெழுத்தோடு முதல் வாரமே வாங்கிவிடுங்கள். எனக்குச் சான்றிதழ் கைக்கு வர மூன்று வாரம் ஆனது, அதில் இரண்டு வாரம் வீட்டுக்காரர் வெளியூரில் இருந்ததால் போனது.

உங்கள் சொந்த லேப்டாப்பைப் பள்ளிக்குக் கொண்டுபோவதாக இருந்தால், அதன் சீரியல் நம்பரை எழுதி, இது என் சொந்தப் பொருள் என்று ஒரு கடிதம் கொடுத்து, நகலில் பள்ளி முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வருடக் கடைசியில் ஸ்டாக் சரிபார்க்கும்போது இதன் அருமை தெரியும்.

2. எதையும் வாங்கும் முன் கடைசி பெஞ்சில் உட்காருங்கள்

பள்ளி திறக்க ஒரு வாரம் முன்பே போய், காலி வகுப்பில் கடைசி பெஞ்சில், அதுவும் இரண்டு மூலைகளிலும், உட்கார்ந்து பாருங்கள். கையில் ஒரு அளவு டேப் இருக்கட்டும். திரையில் தெரியும் படத்தின் உயரத்தைப் போல ஆறு மடங்கு தூரம் வரைதான் எழுத்தை வசதியாகப் படிக்க முடியும், இது ஏவி (ஒலி, ஒளி) வேலை செய்பவர்கள் வெகுகாலமாக வைத்திருக்கும் கணக்கு. இதை வைத்துப் பாருங்கள்: மூலைக்கு மூலை 65 அங்குல ஸ்மார்ட் பேனல், அதாவது பெரிய தொடுதிரை, என்றால் அதன் உயரம் ஏறக்குறைய 32 அங்குலம், ஆறால் பெருக்கினால் 16 அடி. என் வகுப்பின் கடைசி பெஞ்ச் 22 அடியில். பேனல் விற்பவர் இதைச் சொல்ல மாட்டார், தொட்டால் ஓவியம் வரைவதைத்தான் காட்டுவார். அதே சுவரில் புரொஜெக்டரால் 100 அங்குலப் படம் போட்டால் உயரம் நான்கடிக்குச் சற்று மேலே வரும், 24 அடி வரை தெரியும்.

அதற்காக புரொஜெக்டர்தான் நல்லது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ஜன்னல் எந்தப் பக்கம், காலை வெயில் எந்தச் சுவரில் விழுகிறது என்று பாருங்கள். வெளிச்சம் வரும் அறைக்கு 3,000 லூமெனுக்குக் (புரொஜெக்டர் ஒளியின் அளவு) கீழே வாங்கினால் படம் வெளுத்துப்போகும். ஜன்னலுக்குக் கறுப்புத் திரை போட்டு முழு இருட்டாக்கினால் பிள்ளைகளால் நோட்டில் எழுத முடியாது, மதியத்துக்கு மேல் தூக்கமும் வரும். படம் விழும் இடத்துக்கு மேலே இருக்கும் ஒரே ஒரு டியூப் லைட்டை மட்டும் அணைக்கத் தனி சுவிட்ச் போட்டுத் தரச் சொல்லுங்கள். எலெக்ட்ரீஷியனுக்கு அரை மணி நேர வேலை. எங்கள் வகுப்பில் கடைசியில் பலன் கொடுத்தது இதுதான்.

எழுத்தின் அளவு 28-க்குக் கீழே போக வேண்டாம். தமிழ், கன்னட எழுத்து உள்ள ஸ்லைடை வீட்டில் செய்து பள்ளிக் கணினியில் திறந்தால் வெறும் கட்டங்களாகத் தெரியக்கூடும், ஏனென்றால் அந்த ஃபாண்ட் அங்கே இல்லாமல் இருக்கலாம். எப்போதும் பி.டி.எஃப். ஆக ஒரு பிரதி பென் டிரைவில் வைத்துக்கொள்ளுங்கள். சிவப்பையும் பச்சையையும் வைத்துச் சரி, தப்பு என்று காட்டாதீர்கள், அந்த இரண்டையும் பிரித்தறிய முடியாத பையன் வகுப்பில் ஒருவன் இருக்கக்கூடும், அவன் அதை வெளியே சொல்லவும் மாட்டான்.

அந்தக் கடைசி பெஞ்சுப் பையனை முதல் வரிசைக்கு மாற்றினேன், அப்போதும் கண்ணைச் சுருக்கித்தான் பார்த்தான். அம்மாவை வரச் சொல்லி, மிண்டோ அரசு கண் மருத்துவமனைக்கு அனுப்பினோம். கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தான். புரொஜெக்டர் மேல் பழி போட்டு நான் கடைக்காரரிடம் சண்டைக்குப் போகத் தயாராக இருந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

3. முதல் வாரம் ஒரு பேப்பர், நாலு கேள்வி

முதல் வாரம் எந்த மெஷினையும் ஆன் பண்ணாதீர்கள். அரைத்தாளில் நாலு கேள்வி கொடுங்கள்: வீட்டில் என்ன மொழி பேசுவீர்கள், வீட்டில் எத்தனை போன், அது உங்கள் கைக்கு எத்தனை மணிக்கு வரும், வகுப்பில் எது உங்களுக்குச் சங்கடம். பெயர் எழுதினால் போதும், பெற்றோர் கையெழுத்தெல்லாம் வேண்டாம், கையெழுத்து கேட்டால் நாலாவது கேள்விக்கு யாரும் உண்மையை எழுத மாட்டார்கள்.

என் வகுப்பில் 41 பேர். எட்டு மொழி வந்தது, நான் எதிர்பார்த்தது நாலு. மூன்றாவது கேள்விக்கு ஒரு பெண் எழுதியிருந்தது: "அப்பா கார் ஓட்டுறார், போன் 9.30-க்கு வரும், அப்போ நான் தூங்கிடுவேன்." அன்றோடு சாயங்காலம் ஏழு மணிக்கு வாட்ஸ்ஆப்பில் வீட்டுப்பாடம் அனுப்புவதை நிறுத்தினேன். வீட்டுப்பாடம் டைரியில், வீடியோ லிங்க் விருப்பம் உள்ளவர்களுக்கு மட்டும், அதைப் பார்த்தவர்களுக்குத் தனி மார்க் எதுவும் கிடையாது. இந்தக் கடைசி விதி முக்கியம். போன் உள்ள வீட்டுப் பிள்ளைக்கு மார்க் கொடுக்க ஆரம்பித்தால் வகுப்பு இரண்டாகப் பிளந்துவிடும்.

4. என்ன வாங்குவது, எவ்வளவு ஆகும், பில் யார் பெயரில்

பள்ளியில் புரொஜெக்டரோ பேனலோ ஏற்கெனவே இருக்கிறது என்று வைத்துக்கொள்கிறேன். இல்லாவிட்டால் அது மேனேஜ்மென்ட் பாடு. புதிய புரொஜெக்டர் 35,000 முதல் 50,000 ரூபாய் வரை போகும், உங்கள் சம்பளத்தில் அதைத் தொடாதீர்கள். உங்களுக்கு உண்மையில் தேவைப்படுவது சின்னச் சின்னச் சாமான்கள். டவுன் ஹால் பக்கம் எஸ்.பி. ரோட்டில் நான் வாங்கிய விலையைச் சொல்கிறேன், ஐம்பது நூறு முன்னே பின்னே இருக்கும்: பத்து மீட்டர் எச்.டி.எம்.ஐ. கேபிள் (லேப்டாப்பையும் புரொஜெக்டரையும் இணைப்பது) 800, ஒலிபெருக்கி ஜோடி 1,500, நல்ல எக்ஸ்டென்ஷன் போர்டு 500, பென் டிரைவ் 500, வளைந்து நிற்கும் போன் ஸ்டாண்ட் 400. வெள்ளைத் திரை வேண்டாம், சுவரில் மினுமினுப்பில்லாத வெள்ளை பெயின்ட் அடித்தால் போதும்.

கேபிளை வாங்கும் முன் நீளத்தை அளந்துவிடுங்கள், நேர்க்கோட்டில் இல்லை, சுவரோரமாக, கதவைச் சுற்றி. நான் முதலில் நேர்க்கோட்டில் அளந்து ஐந்து மீட்டர் வாங்கினேன், இரண்டாவது நாளே ஒரு பிள்ளை அதில் கால் தடுக்கி விழுந்தது.

இன்னொரு ஏமாற்றம் டைப்-சி-யிலிருந்து எச்.டி.எம்.ஐ.க்குப் போகும் அடாப்டர். போனை நேராக புரொஜெக்டரில் மாட்டலாம் என்று வாங்கினேன், திரை கறுப்பாகவே இருந்தது. குறைந்த விலை போன்கள் பலவற்றில் அந்தத் துளை வழியாகப் படம் போகும் வசதியே கிடையாது, துளை ஒரே மாதிரி இருப்பதால் தெரியாது. கடையிலேயே உங்கள் போனை மாட்டிப் பார்த்து வாங்குங்கள். இல்லையென்றால் 1,500 ரூபாய்க்கு ஒரு வெப்கேம் வாங்கி ஸ்டாண்டில் கவிழ்த்து மாட்டினால், மேஜை மேல் இருக்கும் நோட்டு அப்படியே சுவரில் தெரியும். ஒரு பிள்ளை போட்ட கணக்கை, பெயரை மறைத்து, எல்லோருமாகப் பார்த்து எங்கே சறுக்கியது என்று பேசுவதற்கு இதைப்போல ஒன்று கிடையாது.

பில் விஷயத்துக்கு வருகிறேன். ரூபாய் 300-க்கு மேல் எதை வாங்கினாலும் முதலில் எழுத்தில் அனுமதி, அப்புறம்தான் கடை. பில் பள்ளியின் பெயரில், பள்ளிக்கு ஜி.எஸ்.டி. எண் இருந்தால் அதோடு இருக்க வேண்டும். என் பெயரில் இருந்த பில்களை அக்கவுன்ட்ஸில் எடுத்துக்கொள்ளவே இல்லை. அவர்கள் பக்கம் தப்பில்லை, முன்கூட்டி யாரும் எனக்குச் சொல்லவில்லை, அவ்வளவுதான். பெரிய தொகை என்றால் மூன்று கொட்டேஷன் கேட்பார்கள், அதற்கு மட்டும் பத்து நாள் ஒதுக்குங்கள்.

பொருள் வந்ததும் ஸ்டாக் ரெஜிஸ்டரில் கையெழுத்துப் போடச் சொல்வார்கள். போடும் முன் ஒவ்வொன்றையும் ஆன் பண்ணிப் பாருங்கள், ரிமோட், பவர் கேபிள், லென்ஸ் மூடி உட்பட. ஓடாத பொருளை "நல்ல நிலையில்" என்று எழுதியிருந்தால் அடித்துத் திருத்தி எழுதிய பிறகே கையெழுத்து.

5. பிள்ளைகளின் பெயர், படம், போன் நம்பர்

இதில் கொஞ்சம் கறாராக இருங்கள். 2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் கீழே எல்லோரையும் குழந்தை என்றே பார்க்கிறது, அவர்கள் தகவலைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க சம்மதம் வேண்டும் என்கிறது. பள்ளிகளுக்குச் சில விலக்குகள் இருந்தாலும், நீங்களாக ஏதோ ஒரு ஆப்பில் 41 பிள்ளைகளின் முழுப்பெயரையும் பிறந்த தேதியையும் ஏற்றுவதற்கு அதைத் துணைக்குக் கூப்பிட முடியாது. நான் எந்த ஆப்பிலும் ரோல் நம்பர் மட்டும்தான் போடுவேன்.

பள்ளித் தலைப்புத் தாளில் ஒரு சம்மதக் கடிதம், ஆங்கிலத்திலும் கன்னடத்திலும். எந்த ஆப், எதற்கு, என்ன தகவல், படம் எடுப்போமா, எடுத்தால் எங்கே போடுவோம் என்று தனித்தனி வரிகள், ஒவ்வொன்றுக்கும் ஆம், இல்லை. எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே கையெழுத்து வாங்காதீர்கள். முதல் பெற்றோர் கூட்டத்தில் நேரில் வாங்குவதுதான் சுலபம், பையில் கொடுத்தனுப்பினால் பாதி திரும்பாது. "இல்லை" என்று போட்டவர்களின் பிள்ளைகளை குரூப் போட்டோவில் ஓரமாக நிறுத்திவிட்டு எடுப்பது என்ற கொடுமையை மட்டும் செய்துவிடாதீர்கள். அன்றைக்குப் படமே எடுக்க வேண்டாம்.

வாட்ஸ்ஆப் குரூப்பில் எல்லா அம்மாக்களின் நம்பரும் எல்லோருக்கும் தெரியும். அதற்குப் பதில் பிராட்காஸ்ட் லிஸ்ட் வைத்துக்கொள்ளுங்கள், ஒரே செய்தி எல்லோருக்கும் தனித்தனியாகப் போகும். உங்கள் நம்பரை அவர்கள் சேமித்திருந்தால்தான் செய்தி போய்ச் சேரும், அதையும் கூட்டத்திலேயே அங்கேயே செய்யச் சொல்லிவிடுங்கள். முடிந்தால் பள்ளிக்கென்று தனி சிம். ராத்திரி 11 மணிக்கு வரும் "மிஸ் நாளைக்கு என்ன டிரஸ்" கேள்விகள் குறையும். ஒழியாது.

6. ஒரு பாடத்தை எப்படிக் கோப்பது

மின்சுற்றை எடுத்துக்கொள்வோம். நான் முதலில் செய்த தப்பு, வீடியோவில் ஆரம்பித்தது. இப்போது 1.5 வோல்ட் செல், டார்ச் பல்பு, வயர் துண்டு, குழுவுக்கு நாலு பேர், பத்து நிமிடம். எல்லாம் சேர்ந்து குழுவுக்கு 50 ரூபாய்க்குள் முடியும். பல்பு எரிந்ததும் ஒரு சத்தம் வரும் பாருங்கள், பக்கத்து வகுப்பு டீச்சர் எட்டிப் பார்ப்பார். அதற்கு அப்புறம்தான் திரை. கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் சிமுலேஷனில் (திரையில் செய்து பார்க்கும் பரிசோதனை) மின்சுற்று கட்டும் பக்கம் ஒன்று இருக்கிறது, இலவசம், அதில் வயருக்குள் எலெக்ட்ரான்கள் நகர்வது நீல உருண்டைகளாகத் தெரியும். கண்ணால் பார்க்க முடியாததற்கு மட்டும் திரை, கையால் செய்ய முடிந்ததற்குக் கை. அந்த சிமுலேஷனைக் கணினியில் இறக்கி வைத்துக்கொண்டால் இன்டர்நெட் இல்லாமலும் ஓடும். கணக்குக்கு, வடிவங்களும் வரைபடங்களும் போட்டுக் காட்டும் ஜியோஜீப்ராவும் அப்படித்தான்.

பாடப்புத்தகத்தில் கியூ.ஆர். கோட் இருந்தால் தீக்ஷா ஆப்பில் ஸ்கேன் பண்ணிப் பாருங்கள், 2017-இல் மத்திய அரசு தொடங்கியது, லாகின் இல்லாமலே பார்க்கலாம், முன்கூட்டி இறக்கியும் வைக்கலாம். சில வீடியோக்கள் அருமை, சில தூக்க மாத்திரை, முழுதும் பார்த்துவிட்டு எந்த நிமிடத்திலிருந்து எந்த நிமிடம் வரை என்று குறித்துக்கொள்ளுங்கள். யூடியூபை நேரடியாக ஓட்டினால் செல்கள் பற்றிய பாடத்துக்கு நடுவே சூதாட்ட விளம்பரம் வரும். வந்தது.

7. கை தூக்காதவர்களுக்கு ஒரு அட்டை

வகுப்பில் "புரிஞ்சுதா" என்று கேட்டால் எல்லாத் தலையும் ஆடும். இதற்கு எனக்குக் கிடைத்த நல்ல விடை பிளிக்கர்ஸ் என்ற ஆப். ஒவ்வொரு பிள்ளைக்கும் கறுப்பு வெள்ளைக் கட்டம் அச்சிட்ட ஒரு காகித அட்டை, அதைத் திருப்பிப் பிடிக்கும் வாக்கில் ஏ, பி, சி, டி என்று பதில் மாறும். உங்கள் ஒரே போனால் வகுப்பை ஒரு வீச்சு பார்த்தால் யார் என்ன சொன்னார்கள் என்று வந்துவிடும். பிள்ளைகள் கையில் போன் வேண்டாம். பக்கத்துப் பிள்ளையின் அட்டையைப் பார்த்துக் காப்பி அடிப்பதும் கஷ்டம், ஒவ்வொரு அட்டையின் கட்டமும் வேறு. 63 அட்டை வரை கிடைக்கும். தடித்த தாளில் அச்சிட எனக்கு 200 ரூபாய் ஆனது. பளபளப்பான லேமினேஷன் போடாதீர்கள், ஜன்னல் வெளிச்சம் பட்டு போன் படிக்காது.

முதல் நாள் நான் "புரிந்துவிட்டது" என்று நம்பிய பாடத்தில் 41 பேரில் 26 பேர் தப்பு. யாருக்கும் யார் தப்பு என்று தெரியாது, எனக்கு மட்டும் தெரியும். முடிவை மட்டும் யாருடையது என்று தெரியும்படி திரையில் காட்டிவிடாதீர்கள். செட்டிங்கில் அதை அணைத்துவிட்டு வகுப்புக்குள் போங்கள்.

8. மொழிதான் பெரிய பள்ளம்

தமிழ்ப் பிள்ளைகளிடம் நான் என்னையறியாமல் தமிழில் பேசிக்கொண்டிருந்தேன். ஒரு பெற்றோர் கூட்டத்தில் ஒரு அம்மா சிரித்துக்கொண்டேதான் கேட்டார், "நிமகெ தமிழ் மக்ளு மாத்ர இஷ்டானா?" உங்களுக்குத் தமிழ்ப் பிள்ளைகளை மட்டும்தான் பிடிக்குமா என்று. அதற்கு அப்புறம் இரண்டு நாள் எனக்குத் தூக்கம் இல்லை. வகுப்புக்குள் தமிழ் பேசினால், அதே விஷயத்தைக் கன்னடத்திலும் சொல்லிவிட வேண்டும், நாம் சொல்ல முடியாவிட்டால் ஒரு பிள்ளையைச் சொல்லச் சொல்லலாம். உடைந்த கன்னடத்துக்குப் பிள்ளைகள் சிரிப்பார்கள், அப்புறம் திருத்தித் தருவார்கள். ஒரு மாதத்தில் வகுப்பு நம்மோடு ஒட்டிக்கொள்ளும்.

கூகுள் டிரான்ஸ்லேட்டில் கன்னடத்தை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், நெட் இல்லாமலும் ஓடும். ஆனால் அது தந்ததை அப்படியே அச்சடிக்காதீர்கள். 12-ஆம் வாய்ப்பாடு படிக்கச் சொல்லி ஆங்கிலத்தில் 'டேபிள்ஸ்' என்று போட்டு மாற்றினேன், "மேஜைகளைக் கற்றுக்கொள்ளுங்கள்" என்று கன்னடத்தில் வந்தது. நோட்டீஸைப் பார்த்த ஆயாம்மாதான் பிடித்தார். கன்னடத்தில் வாய்ப்பாட்டுக்கு மக்கி என்று பெயர், மேகி நூடுல்ஸ் இல்லை. இப்போது எந்தக் கன்னட நோட்டீஸும் அவர் கண்ணில் படாமல் போவதில்லை.

9. கரண்ட் போகும் நாளுக்கு

ஏப்ரல், மே மழையிலும் ஜூன் காற்றிலும் போகத்தான் செய்யும். 600 வி.ஏ. யூ.பி.எஸ். ஒன்று 3,000 ரூபாய்க்குக் கிடைக்கும், ஆனால் புரொஜெக்டரை அது சில நிமிடம்தான் தாங்கும். ஜெனரேட்டர் வரும் வரைக்கும், அல்லது விளக்கு ஆறி ஒழுங்காக அணைக்கும் வரைக்கும் அது போதும். பல்பு வைத்த புரொஜெக்டரைச் சுவர் சுவிட்சில் பட்டென்று அணைத்தால் பல்பு சீக்கிரம் போய்விடும். ஒவ்வொரு பாடக்குறிப்பிலும் கடைசி வரியாக "கரண்ட் இல்லையென்றால்" என்று எழுதி, பக்கத்தில் கரும்பலகையில் செய்ய ஒரு வேலை எழுதுங்கள். எழுத இரண்டு நிமிடம். என் 42 ஸ்லைடுக்கு அந்த ஒரு வரி இல்லை.

10. எந்த வாரம் எது

பள்ளி திறக்க ஒரு வாரம் முன்: அளவு, சுவிட்ச், ஸ்டாக் ரெஜிஸ்டர். முதல் வாரம் நாலு கேள்விப் பேப்பர். இரண்டாவது வாரம் கேபிள், ஒலிபெருக்கி, அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். முதல் பெற்றோர் கூட்டம் வரை எந்த ஆப்பும் வேண்டாம், சம்மதக் கடிதம் வந்ததும் அட்டைகள். வெப்கேம், சிமுலேஷன் எல்லாம் ஜூலை நடுவில். தசரா விடுமுறைக்குள் ஏதாவது ஒன்று உங்களுக்குச் சரிப்படவில்லை என்றால் விட்டுவிடுங்கள், யாரும் கேட்க மாட்டார்கள்.

வருடக் கடைசியில் புரொஜெக்டரின் தூசி ஃபில்டரைத் துடைத்து, துணி போட்டு மூடி, ரிமோட்டிலிருந்து பேட்டரியைக் கழற்றி, ஸ்டாக் ரெஜிஸ்டரில் ஒப்படைத்ததற்குக் கையெழுத்து வாங்குங்கள். அந்தக் கையெழுத்து வாங்காமல் ஊருக்கு டிக்கெட் போடாதீர்கள். ரிமோட் காணவில்லை என்றால் ஜூனில் உங்களைத்தான் கேட்பார்கள்.